ஆமை வேகம்

"நம்ம ஷாத்லி நடந்த லட்சணத்தைப் பாருங்க!"

மொந்தர் கைப்பேசியை மேசை நடுவில் வைத்தார். துனீசியாவின் சூஸ் நகரக் கடற்கரைக் காபிக் கடையில், ஞாயிறு ஓட்டத்தை முடித்த குழு வியர்வை உலரும் முன்பே குனிந்து பார்த்தது. குழுவில் யார் எங்கே ஓடினாலும், நடந்தாலும் அவரவர் கைக்கடிகாரமே தானாகப் பதிந்து மற்றவர்களின் கைப்பேசிக்குக் காட்டிக்கொடுத்துவிடும்.

நேற்று மாலை ஷாத்லியின் பெயரில் கொஞ்ச தூரம் பதிவாகியிருந்தது. ஆமை வேகம். நடுநடுவே நின்று நின்று வேறு.

"நடந்ததுக்கே இதயம் இந்த அடி அடிச்சிருக்கே!" என்று சிரித்தாள் ஹயாத். "இத்தாலியிலிருந்து வரவழைச்ச ஷூ என்னாச்சாம்?"

"ஷூ அழுக்காகிடும்னு பார்த்துப் பார்த்து நடந்திருப்பான்!" என்றார் இன்னொருவர்.

மொந்தருக்கு உள்ளூர இனித்தது. இத்தனை வருடமும் அவர் பார்த்தது ஷாத்லியின் முதுகை மட்டுமே. அந்த முதுகைத் தாண்டத்தான், மனைவியிடம் விலையை மறைத்து, இந்தப் புதுக் கடிகாரத்தை வாங்கினார். இன்று குழுவின் வேகப் பட்டியலின் உச்சியில் அவர் பெயர்.

"வெட்கப்பட்டுக்கிட்டுத்தான் இன்னிக்கு வரலை. எல்லாரும் கேளுங்க" என்று கைப்பேசியின் ஒலிபெருக்கியைப் போட்டு ஷாத்லியை அழைத்தார்.

எடுத்ததும் பொரிந்தார். "என்ன மாப்பிள்ளை, நடையா அது? அந்த ஷூவை ஒரு கழுதைக்கு மாட்டிவிடுப்பா. அதுவாவது வேகமாப் போகும்!"

மேசையே குலுங்கிச் சிரித்தது.

"நான் அவர் தம்பி நாஜி பேசறேன்."

"அடடா! அண்ணன்கிட்ட குடுங்க தம்பி."



"அண்ணன் வெள்ளிக்கிழமை ராத்திரி தூக்கத்துலயே போயிட்டாருங்க. உங்களுக்கெல்லாம் சொல்லணும்னு பார்த்தேன், போனோட பூட்டைத் திறக்கத் தெரியலை. உங்க யார் வீடும் எங்களுக்குத் தெரியாது. யாராவது கூப்பிடுவீங்கன்னு கையிலேயே வச்சிருந்தேன்."

ஹயாத் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்போ... நேத்து சாயங்காலம்?" மொந்தரின் குரல் உள்ளே போயிருந்தது.

"அவர் கடிகாரத்தை நான் கட்டியிருந்தேங்க. பள்ளிவாசல்லேருந்து அடக்கம் பண்ற மையவாடி வரைக்கும் அண்ணனைத் தூக்கிட்டுப் போனோம். மத்தவங்க தோள் மாத்த அங்கங்க நின்னாங்க. நான் மாத்தலை."

நாஜியின் குரல் தொடர்ந்தது.

"மெதுவாத்தான் நடந்தேன், ஐயா. அண்ணனைச் சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்க மனசு வரலை."