பொறி பறக்காத பிரேக்

"பாய், வண்டிய இங்கன நிப்பாட்டாதீக! தள்ளிப் போடுங்க, தள்ளிப் போடுங்க!"

கல்லாவை விட்டுத் தெருவுக்கே ஓடிவந்துவிட்டார் காளிராஜ். முகம்மது நூகுவுக்கு ஒன்றும் புரியவில்லை. உதிரிபாகக் கடைக்கு வந்தவன் கடை வாசலில் காரை நிறுத்தாமல் வேறு எங்கே நிறுத்துவது?

"பிரேக் பேடு மாத்தத்தான் வந்தேன் அண்ணாச்சி. ரெண்டு நாளா கர்ருங்குது. இப்ப முன் சக்கரத்துல பொறி பறக்குதுன்னு பின்னால வந்த பைக்காரரு சொல்றாரு."

"பொறியா?" காளிராஜின் முகம் வெளுத்தது. "பேடு தேஞ்சு இரும்போட இரும்பு உரசுது பாய். வாங்க, முதல்ல தள்ளுவோம்!"

கடைக்காரரே தோள் கொடுத்தார். கார் தெருமுனைப் புளியமரத்தடிக்குப் போனது.

நூகு கடை மாடியை அண்ணாந்து பார்த்தார். மகள் நாதியா இந்தக் கடை மாடியில்தான் தையல் படிக்கிறாள். விஸ்வநத்தத்திலிருந்து தினமும் அவளை ஏற்றி இறக்குவது இந்தக் காரில்தான். வழி நெடுக முன்னால் பட்டாசு லோடு லாரிகள். நேரத்துக்குப் பிரேக் பிடிக்காவிட்டால்? மேலே மிஷின்கள் கடகடத்தன. வகுப்பு முடிவதற்குள் பேடு மாற்றியாக வேண்டும்.

காளிராஜ் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார்.

"இது விலை கம்மி. அது செராமிக். பொறியும் வராது, சத்தமும் வராது. அதையே எடுங்க, வாங்குன விலைக்கே தாரேன்."

லாபமில்லாமல் விற்கும் கடைக்காரரா? நூகு பெட்டியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"டூப்ளிகேட் இல்லையே அண்ணாச்சி?"

"நல்லா கேட்டீக! பொம்பளப் புள்ளைய ஏத்திட்டுப் போற வண்டி. அதுல விளையாடுவனா?"

பேச்சு சரிதான். ஆனால் அவர் நெற்றியில் ஏன் இவ்வளவு வியர்வை? சுவரிலிருந்த முருகன் படத்துக்கு ஓர் ஊதுபத்திகூட இல்லை. சிவப்புப் பல்பு மட்டும் மினுங்கியது. சாமிக்கே கணக்குப் பார்க்கிறவர் எனக்கா விட்டுக்கொடுப்பார்? சந்தேகம் அரித்தது. வேறு கடைக்குப் போகவும் வழியில்லை. அந்தச் சக்கரத்தோடு எங்கே போவது?

செராமிக்கையே எடுத்தார்.

மெக்கானிக் சுடலை, சக்கரத்திலிருந்து கழற்றிய பாகத்தோடு கடைக்குள் வந்து கிரைண்டரைச் சொருகப் போனான். "போல்ட்டு துருப்பிடிச்சுக் கெடக்கு அண்ணாச்சி, அறுக்கணும்."

"ஏலே! அதை இங்கன ஆன் பண்ணுன, கைய ஒடிச்சிருவேன்! எண்ணெய ஊத்திக் கையால திருகுலே!"

"கரண்டுக்குமா கஞ்சத்தனம்?" முணுமுணுத்தபடியே போனான் சுடலை.

ஒருவழியாக வேலை முடிந்தது. நூகு தெருக்கோடி வரை ஓட்டிப்போய் ஓங்கி மிதித்தார். சத்தமே இல்லாமல், பூப்போல நின்றது வண்டி. அசல் சரக்கேதான்! நல்ல மனுஷரைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று கூசிப்போனது.

நன்றி சொல்லக் கடைக்குள் நுழைந்தார். கல்லாவில் ஆளில்லை. பின்னறைத் திரைக்கு அந்தப் பக்கம் பெட்டி நகரும் சத்தம்.

"அண்ணாச்சி, இனிமே எம்மகளப் பத்திப் பயமே இல்ல!" என்றபடி திரையை விலக்கினார்.

தரையிலிருந்து கூரை வரை சரவெடியும் அணுகுண்டும் பெட்டி பெட்டியாக அடுக்கப்பட்டிருந்தன.

"தீவாளி வரைக்குந்தான் பாய்... லைசன்ஸ் இல்ல, வெளிய சொல்லிராதீக" என்றார் காளிராஜ்.

தலைக்கு நேர் மேலே, தையல் மிஷின்களுக்கு நடுவே, நாதியா சிரிக்கும் சத்தம் கேட்டது.