எப்போதிலிருந்து

கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார் டாக்டர்.

என் இடது கையை மேசைமேல் மல்லாத்தி வைத்து, பஞ்சுத் துணுக்கால் விரல் விரலாகத் தொட்டு வந்தார். தொடுவது தெரிந்தால் "ம்" சொல்ல வேண்டும்.

கட்டைவிரலுக்குச் சொன்னேன். ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் சொன்னேன்.

அப்புறம் டாக்டர் ஏன் சும்மா இருக்கிறார் என்று காத்திருந்தேன்.

"ஐயோ அப்பா, அவங்க தொட்டுக்கிட்டுதான் இருக்காங்க," என்றாள் மகள்.

கண்ணைத் திறந்தேன். பஞ்சு என் சுண்டுவிரல் மேல் இருந்தது.

டாக்டருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். முழங்கையின் உட்பக்கம், எலும்பு துருத்திக்கொண்டிருக்கும் இடத்தில் தட்டிப் பார்த்தார். சுர்ரென்று ஏதோ கிளம்பி மணிக்கட்டோடு நின்றுவிட்டது.

"கதவுல இடிச்சுக்கிட்டா கரண்ட் அடிச்ச மாதிரி இருக்குமே, அந்த நரம்புதாங்க. இந்த இடத்துல தோலுக்கு அடியிலேயே ஓடுது. கையை மடக்கி எது மேலயாவது ரொம்ப நேரம் ஊனியிருந்தா நசுங்கிடும். சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போகும். என்ன வேலை பார்த்தீங்க?"

"அச்சகத்துல பிழை திருத்துறது."

"அதான். மேசையில கை ஊனியே காலம் போயிருக்கும்."

மகள் முந்திக்கொண்டாள். "அதை ஏன் கேக்குறீங்க. இவர் சட்டை எல்லாம் முழங்கையிலதான் முதல்ல கிழியும். ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு எங்கம்மா சலிச்சுப்போய், 'உங்கப்பனுக்கு இருக்கிறது கையாடி, அரமா'ன்னு கேப்பாங்க."

டாக்டர் சிரித்தார். மகளும் சிரித்தாள். தன் அம்மா இறந்தபின் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. சட்டென்று அது அவளுக்கே உறைத்து, கைப்பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தாள்.

"எப்போ சரியாகும் டாக்டர்?" என்றாள், பையைப் பார்த்தபடியே.

"எப்போதிலிருந்து இப்படி இருந்திருக்கும்?" என்று நான் கேட்டேன்.

"அதை நீங்கதான் சொல்லணும்."

அதைத் தெரிந்துகொள்ளத்தான் வந்திருந்தேன்.

காரியங்கள் எல்லாம் முடிந்து வீடு காலியான பிறகு, நானே வெந்நீர் வைத்து இறக்கினேன். சுண்டுவிரலில் கொப்புளம் கண்டிருந்ததைச் சாப்பிடும்போது மகள்தான் பார்த்தாள். எனக்கு எரிச்சல்கூட இல்லை. ஆக, அன்றைக்கு விரல் மரத்திருந்தது. அதற்கு முன்னால்?

"மெஷின்ல வச்சுப் பாக்கலாம்," என்றார் டாக்டர். "நரம்பு எவ்வளவு நசுங்கியிருக்குன்னு தெரிஞ்சிடும்."

"எப்போ மரத்ததுன்னு காட்டுமா?"

"எப்போன்னா?"

"நாள் எனக்குத் தெரியும். அன்னைக்குக் காலையிலயா, மத்தியானமான்னுதான்..."

"அப்பா! சரியாகுமான்னு கேளுங்க. வேற எதையாவது கேட்டுக்கிட்டு."

டாக்டர் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். "அப்படி எந்த மெஷினும் சொல்லாதுங்க, ஐயா. கொஞ்சம் கொஞ்சமா மரத்திருக்கும். உங்களுக்கே தெரிஞ்சிருக்காது."

முழங்கைக்கு உறை வாங்கிவர மகளை மருந்துக்கடைக்கு அனுப்பினார். கதவு சாத்திக்கொண்டதும் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அன்னைக்குக் கையை எது மேல ஊனியிருந்தீங்க?"

"கட்டில் கம்பியில," என்றேன்.

 

ஆஸ்பத்திரிக் கட்டில். என் மனைவி விழுந்துவிடாமலிருக்கப் பக்கவாட்டில் தூக்கி மாட்டியிருந்த இரும்புக் கம்பி. என் முழங்கை அதன்மேல், கை உள்பக்கம் அவளிடம்.

கடைசி இரண்டு விரல்களைத்தான் அவள் பிடிப்பாள். கடைவீதிக்குப் போனால் ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் பை தொங்கும். சாலையைக் கடக்க மீதி இரண்டும் அவளுக்கு. பை இல்லாத நாளிலும் அதே விரல்கள்தான்.

ஆஸ்பத்திரியில் அவளுக்குக் குரல் போய்விட்டிருந்தது. அதனால் நான் படித்துக்காட்டும்போது எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. விரலைப் பிடித்திருந்தால் மேலே படிக்க வேண்டும். விட்டால் நிறுத்திவிட வேண்டும். களைப்பாக இருந்தால் சில வரிகளிலேயே விட்டுவிடுவாள்.

நான் படிப்பதில் அவளுக்கு எப்போதும் ஒரு குறை உண்டு. "நீங்க எழுத்தைத்தான் பாப்பீங்க. கதை எங்க ஓடுதுன்னு கேட்டா முழிப்பீங்க." உண்மைதான். அச்சகத்தில் எத்தனையோ நாவல்களில் விட்டுப்போன காலும் புள்ளியும் போட்டுத் திருத்தியிருக்கிறேன். ஒன்றின் முடிவும் எனக்குத் தெரியாது.

அன்று படித்தது அவளுக்குப் பிடித்த நாவல். பாதிக்கு மேல் ஓர் இடத்தில், எப்படி என்று தெரியவில்லை, நான் பிழைகளை மறந்துவிட்டேன். கதையில் வரும் அந்த வீட்டுக்குள் போய்விட்டேன். அந்தப் பெண் கதவைத் திறப்பாளா மாட்டாளா என்று எனக்கு அடித்துக்கொண்டது. கண்ணை எடுக்காமல், வலது கையாலேயே பக்கத்தைத் தள்ளித் தள்ளிப் படித்துக்கொண்டே போனேன். அவளும் இன்று களைக்காமல் கேட்கிறாளே என்று சந்தோஷமாக இருந்தது.

மருந்து பாட்டிலை மாற்ற வந்த நர்ஸ், மாற்றாமல் நின்றார். குனிந்து அவள் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தார்.

"ஐயா, போதும். படிக்கிறதை நிறுத்துங்க."

"அவ இன்னும் விரலை விடலியேம்மா," என்றேன்.