கற்பூரம் அணைத்த கை

“நீ எதுக்கு வர்ற செங்கம்மா? எறங்கு. நான் போயி எம்.எல்.ஏ.வ இட்டுக்கினு வர்றேன். கரையில வெச்சிக் கேட்டுக்கோ,” என்றான் மாரியப்பன்.

செங்கம்மாள் இறங்குவதாக இல்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தோணியின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். “கரையில நூறு பேரு கூவுவாங்க, என் பேச்சு அந்தாளு காதுல வுழாது. நடுத்தண்ணியில வெச்சிக் கேட்டா எங்க ஓடுவான்?”

நியாயம்தானே! மாரியப்பன் மறுபேச்சில்லாமல் கழியை ஊன்றித் தள்ளினான். அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்கிற தைரியம் போன ஐப்பசியோடு அவனுக்குப் போயிருந்தது.

அந்த ஐப்பசி மழையில்தான் செங்கம்மாளின் மகள் குணசுந்தரி இதே தோணியில் பிரசவ வலியோடு கிடந்து துடித்தாள். காற்றும் வெள்ளமும் தோணியை எங்கெங்கோ இழுத்துப் போக, அக்கரை சேர ரெண்டு மணி நேரம் ஆயிற்று. சேர்ந்தபோது தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. பாலம் ஒன்று இருந்திருந்தால் கட்டைவண்டி பூட்டிக் கால்மணியில் தாண்டியிருக்கலாம்.

பாலம் கட்டித் தருகிறேன் என்று சொல்லித்தான் பூவராகவன் அறுபத்தேழில் ஓட்டு வாங்கிக்கொண்டு எம்.எல்.ஏ. ஆனார். ஆனால் அவர் வாய்ப்பேச்சுக்கா குப்பம் ஓட்டுப் போட்டது? வெளியாள் யார் வந்தாலும், தோணியில் ஏற்றி வந்தவன்தான் அவனுக்குப் பொறுப்பு. அது அங்கே வழக்கம்.

மாரியப்பனை வலை வீசத் தெரியாத மீனவன் என்று ஊரே கேலி பண்ணும். ஆனாலும் துறைத் தோணி பாட்டன் காலத்திலிருந்து அவன் வீட்டுடையது, அதனால் அவன் சொல்லுக்கு மதிப்பு. கங்கையம்மன் கோயில் முன்னால் அவன்தான் கற்பூரம் அணைத்து, “இவரு நம்மாளு, நான் ஜவாப்பு” என்று சத்தியம் பண்ணினான். முந்நூறு ஓட்டும் ஒன்று பிசகாமல் விழுந்தது.

ஜெயித்த பிறகு, ஊரார் கைநாட்டு வைத்த மனுவோடு ஆரம்பாக்கத்தில் ரயிலேறிப் பட்டணம் போனவனும் அவனேதான். “பாத்துப் பேசிட்டேன்” என்று திரும்பி வந்தான். நாலு வருஷம் ஓடிவிட்டது, பாலத்தைத்தான் காணோம்.

இப்போது மறுபடி எலெக்‌ஷன். ஓட்டுக் கேட்டுப் பூவராகவன் அக்கரையில் வந்து நிற்கிறார். கோயில் முன்னால் மறுபடி கற்பூரத் தட்டு காத்திருக்கிறது. மாரியப்பன் கை வைத்தால் முந்நூறு ஓட்டு, வைக்காவிட்டால் ஒன்றுகூட இல்லை.

“ஏண்ணா இப்பிடி எளச்சிப் போயிட்ட?” என்றாள் செங்கம்மாள் திடீரென்று. “சரியா சோறு துன்றதில்லையாமே? அண்ணி அழுவுது.”

“எல்லாம் என்னாலதான் செங்கம்மா... அந்தக் கற்பூரத்த அணைச்சது இந்தக் கைதானே.”

“அட, அத்த வுடு. அந்தாளு ஏமாத்துனா நீ இன்னா பண்ணுவ? நீ நம்புன, நாங்களும் நம்புனோம். உன் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லண்ணா.”

அவள் மண்ணை வாரித் தூற்றியிருந்தால்கூடத் தேவலை. என்னவோ சொல்ல வாயைத் திறந்தான், அதற்குள் அக்கரை வந்துவிட்டது.

பூவராகவன் மாலையும் துண்டுமாகத் தோணியில் ஏறினார், கொடியோடு ரெண்டு ஆட்களும் ஏறினார்கள். நடுத்தண்ணி வந்ததும் செங்கம்மாள் ஆரம்பித்தாள்.

“நீ குந்திக்கினுகிறியே, இதே பலகையிலதான்யா என் பொண்ணு செத்தா. பாலம் இன்னாய்யா ஆச்சு?”

பூவராகவன் மாரியப்பனை ஒரு பார்வை பார்த்தார். மாரியப்பன் கழியில் கண்ணாயிருந்தான்.

“தப்பு என்னுதுதாம்மா,” என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டார். “சர்க்காருல பணம் இல்லன்னுட்டாங்க. இந்தத் தடவ ஜெயிச்சா மொத வேலையே பாலந்தான், தாயி.”

“த்தூ!” செங்கம்மாள் தண்ணீரில் துப்பினாள். “போன தடவையும் இதே பாட்டுதான். ஒருத்தருக்காச்சும் குடுத்த வாக்கக் காப்பாத்திக்கிறியாய்யா நீ?”

கரை தட்டியதும் அவள் விடுவிடென்று இறங்கிப் போய்விட்டாள். கொடிக்காரர்களும் கோஷம் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார்கள்.

கோயில் பக்கம் தட்டில் கற்பூரம் எரிவது தெரிந்தது. மாரியப்பன் கழியைக் கீழே வைத்தான். “ஐயா, அந்தப் பாலம்...” என்றான்.

பூவராகவன் அவன் தோளைத் தட்டிக்கொடுத்து, காதோரம் குனிந்தார்.

“பயப்படாத மாரியப்பா. தோணிப் பொழப்பு போயிடும்னு பட்டணத்துல என் கால்ல வுழுந்தியே, மறப்பனா? இந்தத் தடவையும் பாலம் வராது.”