வரதனுக்குக் கட்டிய பாட்டு

சாவு வீடுகளில் கானா பாடும் பகலவன், போன வருஷம் செத்த வரதனுக்குக் கட்டிய பாட்டையே, பெயரை மட்டும் மாற்றி, எம்.கே.பி. நகர் முழுக்கப் பாடி, யூடியூபில் போட்டுவந்தான். அந்த வீடியோக்களுக்குக் காப்பிரைட் புகார் வந்தது. மூன்று முறை மறுத்து எழுதிச் சலித்துவிட்டான். இன்னொரு ஸ்ட்ரைக் விழுந்தால் சேனலே போய்விடும்.

"நான் கட்ன பாட்டுக்கு எவன்டி சொந்தக்காரன்? ஒரே பேஜாரா கீது."

"இன்னா ஆதாரம் அனுப்சிக்கிறான்னு கேட்டியா?" என்றாள் மனைவி அன்புக்கரசி.

புகார் கொடுத்தவர் பெயர் வரதன் என்றிருந்தது. ஊரில் எத்தனையோ வரதன். ஆதாரமாக அனுப்பியிருந்த ஆடியோவைப் போட்டான்.

வரதன் சாவன்று பகலவன் பாடியதேதான். அவன் குரலும் டோலக்கும் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து வருவதுபோல மங்கலாகக் கேட்டன. வரதனைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டியின் மோட்டார் மட்டும் காதோரத்தில் தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது.