சிட்டின் முதல் ஓட்டம்

கண்மாய் வறண்டதும் திருவரங்குளத்தில் நடந்த வேட்டைநாய்ப் பந்தயத்தில், சோலையப்பன் வீட்டு நாய் சிட்டு முதன்முறையாக ஓடியது. பாதித் தூரத்தில் நின்று தயிர்ச்சோற்றைக் கக்கியது.

ஊரே சிரித்தது.

"ஓடுற அன்னைக்கு வெறும் வயிறா இருக்கணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னியே ஆண்டியப்பா! பழக்குன நீயே சோத்தப் போட்டியா? எதிராளிகிட்ட வெலை போயிட்டியா?" என்று பாய்ந்தார் சோலையப்பனின் பங்காளி தங்கமுத்து.

நாய் பழக்கும் ஆண்டியப்பன், சோலையப்பனை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தான்.

"பசியில கத்துச்சுங்க. நான்தான் வச்சேன்."

"இனிமே எவன்டா ஒன்னை நம்பி நாயக் குடுப்பான்?"

சோலையப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். வழியெல்லாம் தலை நிமிரவே இல்லை. வீட்டுமானம் போன வருத்தம் என்று எல்லாரும் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

சாயங்காலம் கொல்லைவாசலில் வந்து நின்ற ஆண்டியப்பன், துணியில் சுற்றிய ஒன்றை நீட்டினான்.

"நாய்க் கொட்டில்ல கெடந்துச்சுங்க. யாரு கண்ணுலயும் படல."

உள்ளே வெள்ளிக் கிண்ணம். விளிம்பில் சோலையப்பனின் பெயர், அடியில் காய்ந்த தயிர்.

நல்ல காரியத்துக்குக் கிளம்பும் எவரும் ஒரு வாய் தயிர்ச்சோறு உண்ணாமல் அந்த வீட்டுப் படி இறங்கியதில்லை. விடியற்காலையில் சிட்டுக்கும் அவரே தம் கையால் ஊட்டிவிட்டிருந்தார்.