கைக்குட்டை கட்டியவன்

முகத்தில் கைக்குட்டை கட்டியிருந்தவன் இன்னும் பின்னால் வந்துகொண்டுதான் இருந்தான். தபரேஸ் நின்றால் அவனும் நின்றான், நடந்தால் நடந்தான். அவன் வலது கை ஜாக்கெட்டுக்குள் எதையோ இறுக்கிப் பிடித்திருந்தது.

"திரும்பிப் பாக்காத தம்பி," என்றார் ஞானசீலன், பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்காமல். "பறவை பாக்குற மாதிரியே நட. அதோ, உள்ளான் கூட்டம். குளிருக்குப் பயந்து எங்கிருந்தோ நம்ம ஏரிக்கு வருது."

"இந்தத் தண்ணியக் குடிச்சிட்டுத் திரும்பிப் போகுமா சார்?"

"சிலது போகும்."

ஜனவரிப் பனி ஏரிக்கரையை மூடியிருந்தது. ஆம்பூர்ப் பக்கம் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் தபரேஸுக்கு ஒன்பது வருஷ வேலை. விடியற்காலையில் கம்பெனி டேங்கர் கழிவை ஏரிக் கால்வாயில் கொட்டுவதை, ஆறு வாரம் புதரில் ஒளிந்திருந்து வீடியோ எடுத்திருந்தான்.

சென்னையில் ஓர் அதிகாரிக்கு மனுப் போட்டான். 'ஞாயிறு காலை ஆறரை, ஏரிக்கரை. கழுத்தில் பைனாகுலர் இருக்கும். பறவை பார்க்க வந்தவன் என்று நினைத்துக்கொள்வார்கள்' என்று மெசேஜ் வந்தது.

விஷயம் பரம ரகசியம். மறுநாளே மேனேஜர் அவன் தோளில் கை போட்டு, "ஞாயித்துக்கெழம லீவுல இன்னா பண்ணப் போற?" என்று அன்பாகக் கேட்டார். ஒன்பது வருஷத்தில் அதுதான் முதல் விசாரிப்பு.

அந்தப் பயத்தில் இன்று ஆறு மணிக்கே வந்துவிட்டான். அதற்கு முன்பே ஒருவர் பைனாகுலரோடு காத்திருந்தார். "தபரேஸ்தானே? நான் ஞானசீலன்," என்றார். தபரேஸுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கால்வாய் வாயில் முழங்கால் உயரத்துக்கு நுரை நின்றது. கறுப்புத் தண்ணீரில் தோல் சவ்வுகள் மிதந்தன. ஞானசீலன் அதன் ஓரத்திலேயே கல்லில் உட்கார்ந்து, பிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றினார். ஆளுக்கொரு பன். முக்கித் தின்றார்கள்.

"எங்க தெரு போர்வெல்ல மஞ்சத் தண்ணி சார். தங்கச்சியப் பொண்ணு பாக்க சேலத்துல இருந்து வந்தாங்க. பாயசத்த ஒரு வாய் வைக்கல. அஞ்சே நிமிஷம், கார் ஏறிட்டாங்க. ஏன்னுகூடச் சொல்லல."

"பேஜார்தான்." ஞானசீலன் பன்னின் கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டார். "வீடியோ எங்க?"

தபரேஸ் பர்ஸிலிருந்து மெமரி கார்டை எடுத்துக் கொடுத்தான்.

"வேற எங்கயாச்சும் வெச்சிருக்கியா?"

"இல்ல சார். மாட்டிக்குவோம்னு பயந்து போன்ல அழிச்சிட்டேன். இது ஒண்ணுதான்."

"நல்ல காரியம் பண்ண."

கார்டு அவர் சட்டைப் பைக்குள் இறங்கியபோது பனிக்குள் காலடிச் சத்தம் கேட்டது. கைக்குட்டைக்காரன் இப்போது வேகமாக வந்துகொண்டிருந்தான்.

"நான் வரப்பு வழியா போய்ட்றேன். நீ அவன நிறுத்து." ஞானசீலன் இறங்கி நடந்தார். நாலே எட்டில் பனி அவரை விழுங்கிவிட்டது.

தபரேஸ் ஒரு கருங்கல்லைத் தூக்கிக்கொண்டு வழியை மறித்து நின்றான். கார்டு தப்பிவிட்டது. இனி இவன் குத்தினாலும் குத்தட்டும்.

"கைய வெளிய எட்றா!"

கைக்குட்டைக்காரன் பத்தடியில் நின்றான். குனிந்தான். கைக்குட்டையை விலக்கிக் கரையோரம் வாந்தி எடுத்துவிட்டு, அவசரமாக மறுபடி கட்டிக்கொண்டான்.

"எப்படிங்க... இந்த நாத்தத்துல நிக்கிறீங்க?"

தபரேஸ் மூச்சை இழுத்துப் பார்த்தான். "எந்த நாத்தம்?"

வந்தவன் ஜாக்கெட்டுக்குள்ளிருந்து கையை எடுத்தான். பனியில் நனையாமல் பொத்தி வைத்திருந்த பைனாகுலர்.

"கூட யாரோ இருந்தாங்க, அதான் தள்ளியே வந்தேன். தபரேஸ்தானே? மெசேஜ் அனுப்பினது நான்தாங்க."