நான்கு விரல் கிண்ணம்

சூளையில் வெந்தால் எந்த மண்ணும் கொஞ்சம் சுருங்கத்தான் செய்யும். விருத்தாசலம் பீங்கான் பட்டறையில் அகல்யா முதலில் கற்றுக்கொண்டது அதுதான்.

கப்பல் வந்துபோகக் கடலைத் தூர்வாரி எடுத்த சேறு, பாத்திரம் செய்ய ஆகுமா என்ற சோதனைக்கென்று ஒரு லாரி வந்தது. எந்த ஊர் என்று அவள் கேட்கவில்லை. அவள் ஊர்தான் என்று உடைந்த சிப்பிகளே சொல்லிவிட்டன. தூர்வாரத் தொடங்கி அங்கே விரிகுடாவில் மீன் அற்றுப்போனதும் புருஷன் கேரளாவுக்குப் போனான், பிறகு தகவல் இல்லை. அவள் இங்கே வந்தாள்.

அந்தச் சேற்றில் ஒரு கிண்ணம் செய்து வாடகை அறைக்குக் கொண்டுபோனாள். வெளியே நான்கு விரல் உயரம். முதல் நாள் இரண்டு கரண்டிக் கஞ்சியில் நிறைந்தது. மூன்றாம் நாள் ஆறு கரண்டி ஊற்றியும் நிறையவில்லை. ஞாயிறன்று கழுவும்போது கை முழங்கைவரை உள்ளே போயிற்று. அடி தட்டுப்படவில்லை.

“தூக்கிப் போட்டுடு அகல்யா,” என்றாள் பக்கத்து அறைக் கொளஞ்சியம்மாள்.

“இருந்துட்டுப் போவுதுக்கா. ஊருலேர்ந்து வந்தது இது ஒண்ணுதான்.”

அன்று மாலை கிண்ணத்தைக் காதோடு வைத்துக்கொண்டாள். அலைச் சத்தம் கேட்கும் என்று நினைத்தாள்.

உள்ளே, வெகு ஆழத்தில், தூர்வாரும் கப்பலின் இன்ஜின் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.